வறட்சி மாதத்தில் ஓடையை அளந்து பாருங்கள்: ஒரு கிராமத்துக்கான சிறு நீர்மின் திட்டத்தை அமைக்கும் முறை

இலங்கையின் சப்ரகமுவ, மத்திய, ஊவா மாகாணங்களின் மலைச்சரிவுகளில் தேசிய மின்கம்பி போய்ச் சேராதிருந்த பல கிராமங்கள், 1990களின் தொடக்கத்திலிருந்து தமக்கு அருகில் ஓடிய சிற்றோடைகளைக் கொண்டு தாமே மின்சாரம் உற்பத்தி செய்துகொண்டன. உலக வங்கியின் உதவியுடன் 1997க்குப் பின் அடுத்தடுத்து நடைபெற்ற இரண்டு கிராமிய மின்வசதித் திட்டங்கள் இந்த முயற்சிகளுக்குக் கடன் வசதியும் தொழில்நுட்ப உதவியும் அளித்ததால், இத்தகைய கிராமங்களின் எண்ணிக்கை இருநூறைத் தாண்டியது. ஊர் மக்கள் மின் நுகர்வோர் சங்கம் ஒன்றை அமைத்து, சிரமதானமாக வாய்க்கால் வெட்டி, குழாய் பதித்து, கம்பம் நட்டு, தம் வீடுகளுக்கு விளக்கேற்றிக்கொண்டனர். மலையகத்துக்கு இது முற்றிலும் புதியதும் அன்று. தேயிலைத் தொழிற்சாலைகளின் இயந்திரங்களை ஓட்டுவதற்காக இங்கிலாந்தின் கெண்டல் நகரிலிருந்து வந்த, கில்க்ஸ் நிறுவனத்தின் நீர்ச்சுழலிகள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே தோட்டத்து ஓடைகளில் வேலை செய்திருக்கின்றன.

அந்தக் கிராமத் திட்டங்களின் அளவில், அதாவது பத்து முதல் முப்பது வீடுகளுக்குப் போதுமான, ஐந்து கிலோவோட்டுக்கு உட்பட்ட ஒரு திட்டத்தை எப்படித் தொடங்குவது என்பதே இங்கு சொல்லப்படுவது. தனி வீட்டுக்குச் செய்வோருக்கும் கணக்கு ஒன்றுதான். அளவுகள் மட்டும் சுருங்கும். இத்தகைய திட்டங்கள் இயந்திரக் கோளாறால் கைவிடப்படுவது குறைவு என்பதையும், ஓடையின் நீரைக் கூடுதலாக மதிப்பிட்டதாலும் ஊருக்குள் தெளிவான உடன்பாடு இல்லாததாலும் கைவிடப்படுவதே மிகுதி என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட விரும்புகிறேன். ஆகவே சுழலியின் விலையை விசாரிப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகளுக்கே இங்கு அதிக இடம் தரப்பட்டுள்ளது.

முதற்கணக்கு

ஒரு விநாடிக்கு எத்தனை லீற்றர் நீர் கிடைக்கிறது, அந்த நீரை எத்தனை மீற்றர் உயரத்திலிருந்து இறக்கலாம் என்ற இரண்டு எண்களையும் பெருக்கி, வரும் தொகையை மறுபடியும் ஐந்தால் பெருக்கினால், கிடைக்கக்கூடிய மின்வலு வோட் கணக்கில் வந்துவிடும். கோட்பாட்டின்படி பெருக்க வேண்டிய எண் 9.81. ஆனால் குழாயின் உராய்வு, சுழலி, மின்பிறப்பாக்கி ஆகிய மூன்றிலுமாக ஏறத்தாழப் பாதி வலு போய்விடும் என்பதால், சிறிய திட்டங்களுக்கு ஐந்து என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பானது. ஆறு, ஏழு என்று போட்டுக் காட்டும் விற்பனையாளர்களிடம், அந்த எண்ணை எந்த அளவீட்டிலிருந்து பெற்றார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

விநாடிக்கு 12 லீற்றர் நீரும் 40 மீற்றர் உயரமும் உள்ள ஓர் இடத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 12 × 40 × 5 = 2,400 வோட். கேட்பதற்குச் சிறிய தொகையாகத் தோன்றும். ஆனால் ஓடை இரவும் பகலும் ஓடுவதால் ஒரு நாளில் இது 57 அலகுக்கு மேல் வரும். நீர்மின் திட்டத்தின் தன்மையே இதுதான்: ஒரு நாளின் மொத்த அலகுகளுக்குக் குறைவிராது, ஒரே நேரத்தில் எடுக்கக்கூடிய வலுவுக்கு மட்டும் கடுமையான எல்லை உண்டு. மாலை ஏழு மணிக்கு இருபது வீடுகளும் சேர்ந்து 2,400 வோட்டுக்கு மேல் கேட்டால், ஓடையால் அதைத் தர முடியாது. பின்னால் வரும் கட்டண முறை, வீட்டுக்குரிய அளவு, ஊர்க் கூட்டத்தின் தீர்மானம் எல்லாம் இந்த ஒரு உண்மையிலிருந்தே பிறக்கின்றன.

ஓடும் நீரை அளத்தல்

இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்து மலைகளில் ஜனவரி முதல் மார்ச் வரையான காலமே ஓடைகள் மிக மெலிந்து ஓடும் காலம். அளவீடு அந்த மாதங்களில்தான் நடைபெற வேண்டும். ஒக்டோபர் மழையில் நுரைத்துப் பாயும் ஓடையைப் பார்த்து ஊரே மகிழ்ந்துபோய், அந்த நீருக்கேற்ற சுழலியை வாங்கிவிட்டால், பெப்ரவரியில் அது பாதி வேகத்தில்கூடச் சுழலாது. ஓராண்டு பொறுத்திருந்து வறட்சிக்கால அளவை எடுப்பது காலத்தை வீணாக்குவதாகத் தோன்றலாம். இந்த வேலையில் அதைவிடப் பயனுள்ள காத்திருப்பு வேறில்லை. ஊரின் முதியவர்களிடம், அவர்கள் நினைவறிந்து ஓடை எந்த ஆண்டில் மிகவும் வற்றியது, அப்போது எந்தப் பாறைவரை நீர் நின்றது என்று கேட்டுக் குறித்துக்கொள்வதும் அவசியம்.

மிகச் சிறிய ஓடையானால், நீர் முழுவதையும் ஒரு தகரத்தாலோ குழாயாலோ ஒன்றுதிரட்டி ஒரு பாத்திரத்தில் விழச் செய்து, அது நிரம்பும் நேரத்தைக் கணிக்கலாம். ஆனால் 20 லீற்றர் வாளி விநாடிக்கு 12 லீற்றர் நீரில் இரண்டு விநாடிக்குள் நிரம்பிவிடும் என்பதால், அந்த அளவுக்கு 200 லீற்றர் பீப்பாய் வேண்டும். மிதவையை விட்டு வேகம் பார்க்கும் முறை, கல்லும் மேடும் நிறைந்த மலையோடையில் நம்பத்தக்க விடையைத் தராது.

எனக்கு மிகவும் நம்பிக்கையானது பலகை அணைமுறை. ஓடை ஒடுங்கும் ஓரிடத்தில் அதன் முழு அகலத்துக்கும் ஒரு தடித்த பலகையை நிறுத்தி, பலகையின் மேல் விளிம்பின் நடுவில், முனை கீழ்நோக்கியிருக்கும்படி 90 பாகை கோணத்தில் ஒரு வெட்டு வெட்ட வேண்டும். வெட்டின் விளிம்பில் மெல்லிய தகரத்தைப் பதித்தால் நீர் பலகையில் ஒட்டி வழியாமல் விலகி விழும். பலகையின் அடியையும் இரு பக்கங்களையும் களிமண்ணும் பொலித்தீனும் இட்டு அடைத்து, நீர் முழுவதும் அந்த வெட்டின் வழியே மட்டும் போகும்படி செய்ய வேண்டும். அதன்பின் பலகையிலிருந்து ஒரு மீற்றருக்குக் குறையாமல் மேலே, நீர் அமைதியாக நிற்கும் இடத்தில் ஒரு முளையை அடித்து, அதன் தலை வெட்டின் அடிமுனைக்குச் சரிமட்டமாக இருக்கும்படி நீர்மட்டக் குழாயால் சரிபார்க்க வேண்டும். முளையின் தலைக்கு மேல் எத்தனை சென்ரிமீற்றர் நீர் நிற்கிறது என்பதே நமக்கு வேண்டிய அளவு. வெட்டின் வாயில் நீர் வளைந்து இறங்குவதால் அங்கே அளந்தால் குறைவாகவே காட்டும்.

முளைமேல் 10 சென்ரிமீற்றர் நீர் நின்றால் ஓட்டம் விநாடிக்கு ஏறத்தாழ 4.4 லீற்றர், 12 ஆனால் 6.9, 15 ஆனால் 12, 16 ஆனால் 14, 18 ஆனால் 19, 20 ஆனால் 25 லீற்றருக்குச் சற்றுக் குறைவு. இந்த வரிசையைக் கவனித்துப் பார்த்தால், 15க்கும் 16க்கும் இடையிலான ஒரேயொரு சென்ரிமீற்றர் 2 லீற்றரைக் கூட்டிவிடுவது தெரியும். 40 மீற்றர் உயரத்தில் அந்த 2 லீற்றர் 400 வோட்டுக்குச் சமம். அது நான்கு வீடுகளின் மின்சாரம். முளையை மட்டம் பார்க்கும்போது ஏற்படும் சிறு கவனக்குறைவு நான்கு வீடுகளின் விளக்கைப் பொய்யாக்கிவிடும் என்பதால், அளவுகோலைப் பிடிப்பவரும் வாசிப்பவரும் அவசரப்படக் கூடாது. வாரம் ஒருமுறை வாசித்து, தேதியுடன் ஒரு கொப்பியில் எழுதி வைக்க வேண்டும்.

கிடைத்த நீர் முழுவதையும் குழாய்க்குள் விடலாகாது. நீரெடுக்கும் இடத்துக்கும் சுழலியைச் சுற்றிவிட்டு நீர் மீண்டும் ஓடையில் சேரும் இடத்துக்கும் நடுவிலுள்ள பகுதியில் மீன்களும் நண்டுகளும் வாழ்கின்றன. அங்கே குளிப்பவர்கள், குடிநீர் எடுப்பவர்கள், வயலுக்கு நீர் திருப்புபவர்கள் இருக்கலாம். மார்ச் மாதத்தில் பலகை 18 சென்ரிமீற்றர் காட்டிய ஓடையில், 19 லீற்றரில் 12 லீற்றரை எடுத்து 7 லீற்றரை ஓடைக்கே விட்டுவிடுவது நியாயமான பங்கீடு. நமது எடுத்துக்காட்டின் 12 லீற்றர் அப்படி வந்ததே.

உயரத்தை அளத்தல்

கைத்தொலைபேசி காட்டும் உயரத்தை நம்பி எதையும் வாங்க வேண்டாம். அதில் பல மீற்றர் பிழை இருக்கும். கொத்தனார்கள் பயன்படுத்தும் ஒளிபுகும் நீர்மட்டக் குழாய், 15 மீற்றர் நீளத்தில் ஒன்று போதும். மேலே இருப்பவர் குழாயின் ஒரு முனையிலுள்ள நீர்மட்டத்தை, குழாய்க்கு நீரைக் கொடுக்கும் தொட்டி அமையவிருக்கும் இடத்தின் நீர்மட்டத்துக்குச் சரியாகப் பிடிக்க, மற்றவர் மறுமுனையுடன் சரிவில் இறங்கி, தம் கண்ணுக்கு நேரே நீர் வந்து நிற்கும் இடத்தில் நிற்க வேண்டும். அவருடைய பாதத்திலிருந்து கண்வரையுள்ள உயரமே இறங்கிய உயரம். அவர் நின்ற இடத்தின் தரைமட்டத்துக்கு மேலிருப்பவர் வந்து, அங்கிருந்து மறுபடியும் அதே வேலை. குழாய்க்குள் ஒரு காற்றுக்குமிழி இருந்தாலும் கணக்கு பிழைக்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் குழாயைத் தட்டிப் பார்க்க வேண்டும். கீழே போய் முடிந்ததும், அதே வழியில் மேலே ஏறி மறுமுறை அளந்து, இரண்டு தொகைகளையும் ஒப்பிட வேண்டும். நீளமான இறப்பர் குழாயை நீரால் நிரப்பி, அடியில் அழுத்தமானியைப் பொருத்தியும் உயரத்தைக் கண்டுபிடிக்கலாம்; ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் காட்டும்.

அனுமதியைப் பற்றி ஒரு சொல். ஓடை அரச நிலத்திலோ காட்டோரத்திலோ இருக்கும் என்பதால், கிராம அலுவலர் வழியாகப் பிரதேச செயலகத்துக்கு எழுத்தில் தெரிவித்து, காட்டுப் பகுதியானால் வனத் திணைக்களத்தையும் கேட்டறிந்து, குழாய் செல்லும் தனியார் காணிக்காரர்களின் சம்மதத்தையும் எழுத்தில் பெற்ற பின்பே மண்ணில் மண்வெட்டி வைக்க வேண்டும். வாய்மொழிச் சம்மதம் காணி கைமாறும் நாளில் இல்லாமல் போய்விடும்.

நீரெடுப்பும் தொட்டியும்

பெரிய அணை எதுவும் வேண்டியதில்லை. ஓடையின் குறுக்கே முழங்கால் உயரத்துக்குக் கல்லும் சீமெந்தும் கொண்ட ஒரு தடுப்பு, அதன் பக்கவாட்டில் நீர் நுழையும் ஒரு வாய் ஆகியன போதும். வெள்ளம் வரும்போது உருண்டுவரும் பாறைகள் நேரே வந்து மோதாத இடமாக, ஓடை வளையும் இடத்தின் வெளிப்பக்கத்தைத் தவிர்த்துத் தேர்வு செய்ய வேண்டும். வாயிலிருந்து வரும் நீர், மணலைப் படியவிடும் தொட்டியில் தங்கிச் செல்ல வேண்டும். மணல் கலந்த நீர் சுழலியின் கிண்ணங்களையும், அவற்றின்மேல் நீரை அடிக்கும் பீச்சுக்குழாயையும் அரித்துவிடும். நமது 12 லீற்றருக்கு ஒரு மீற்றர் அகலமும் ஒரு மீற்றர் ஆழமும் இரண்டரை மீற்றர் நீளமும் உள்ள தொட்டி தாராளம். அடியில் மணலைக் கழுவிவிட ஓர் அடைப்பும் (வால்வும்), மேலே மிகுநீர் பாதுகாப்பாக வழிந்து ஓடையில் சேர ஒரு வாய்க்காலும் இருக்க வேண்டும். வழிந்த நீர் சரிவை அரித்து மண்சரிவை உண்டாக்கிய இடங்கள் உண்டு என்பதால் அந்த வாய்க்காலுக்குக் கல்பாவுவது சிக்கனம் பார்க்கும் இடமன்று. சுழலிக்கு இறங்கும் பெருங்குழாயின் வாய், தொட்டியின் நீர்மட்டத்துக்குக் குறைந்தது 40 சென்ரிமீற்றர் கீழே இருந்தால்தான் சுழிவழியே காற்று உள்ளே போகாது.

தொட்டியின் சல்லடையே இந்தத் திட்டத்தின் மிக அதிகமான உழைப்பைக் கேட்கும் உறுப்பு. சப்ரகமுவவின் இறப்பர் மரங்கள் ஆண்டின் தொடக்கத்தில், சரியாக நீர் குறைந்திருக்கும் அதே வாரங்களில், இலையுதிர்க்கின்றன. ஈரமான இறப்பர் இலை சல்லடைக் கம்பிகளின்மேல் தட்டையாக ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் மூங்கில் சருகு என்று படிந்து ஓரிரு மணி நேரத்தில் நீர் போகும் வழியையே மூடிவிடும். வீடுகளில் விளக்கு மங்கத் தொடங்கினால் பெரும்பாலும் காரணம் சல்லடைதான். ஆகவே சல்லடையைச் செங்குத்தாக நிறுத்தாமல் சாய்வாகப் பொருத்தி, வாரியால் ஒரே இழுப்பில் இலைகளை மேலே இழுத்துவிடும்படி கம்பிகளை மேலிருந்து கீழாக மட்டுமே அமைக்க வேண்டும். குறுக்குக் கம்பி இருந்தால் வாரி சிக்கும். கம்பிகளின் இடைவெளி பீச்சுக்குழாயின் வாய் விட்டத்தில் பாதிக்கு மேற்படக் கூடாது. தொட்டிக்குப் போகும் பாதையை இரவிலும் மழையிலும் ஒருவர் நடக்கத்தக்கதாகப் படிகட்டிச் செப்பனிடுவதும் மின் திட்டத்தின் ஒரு பகுதிதான்.

குழாய்

பணத்தை மிச்சப்படுத்த நினைப்பவர்கள் முதலில் கைவைப்பது குழாயின் விட்டத்தில்தான். அங்கேதான் இழப்பும் மிகுதி. நமது எடுத்துக்காட்டில் குழாயின் நீளம் 120 மீற்றர் என்று கொள்வோம். 110 மில்லிமீற்றர் பி.வி.சி. குழாயில் உராய்வால் இழக்கும் உயரம் ஏறத்தாழ 2 மீற்றர் மட்டுமே. அதே நீரை 90 மில்லிமீற்றர் குழாயில் விட்டால் ஏறத்தாழ 6 மீற்றர் போகும். 75 மில்லிமீற்றரானால் 14 மீற்றர். 63 மில்லிமீற்றர் குழாயில் இருக்கும் 40 மீற்றரில் ஏறத்தாழ 35 மீற்றர் உராய்வுக்கே போய்விடும். மொத்த உயரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குழாய்க்குக் கொடுக்கக் கூடாது என்பது பொதுவான அளவு.

கீழ்முனையில் நிற்கும் நீரின் அழுத்தம் 4 பார் என்றாலும், அடைப்பைச் சட்டென்று மூடும்போது எழும் அதிர்ச்சி அதை வெகுவாக உயர்த்திவிடும். ஆகவே கீழ்ப்பாதிக்கு 10 பார் தாங்கும் குழாயையும் மேற்பாதிக்கு 6 பார் தாங்கும் குழாயையும் இடலாம்; கீழேயுள்ள அடைப்பு, மெல்லத் திருகி மூடும் வகையாகவே இருக்க வேண்டும். தொட்டியை விட்டு வெளியேறும் இடத்தில் அடைப்பு ஏதும் இருந்தால், அதற்கு அடுத்தபடியாகத் திறந்த வாயுள்ள ஒரு காற்றுக்குழாயை நிறுத்தத் தவறக் கூடாது. இல்லையேல் மேலடைப்பை மூடியதும் உள்ளே வெற்றிடம் உண்டாகி குழாய் நசுங்கும். 110 மில்லிமீற்றர் குழாயின் முனையில் நிற்கும் நீர் ஏறத்தாழ 380 கிலோ எடைக்கு நிகரான விசையுடன் தள்ளுகிறது. கூர்மையான வளைவுகளில் அது இன்னும் மிகும் என்பதால் ஒவ்வொரு வளைவையும் கொங்கிறீற்றுக் கட்டையில் பிணைக்க வேண்டும். வெயில் பட்டால் பி.வி.சி. நொறுங்கும் தன்மையைப் பெறுவதால் குழாயை மண்ணுக்குள் புதைப்பதே நல்லது.

சுழலியும் மின்பிறப்பாக்கியும்

உயரம் அதிகமாகவும் நீர் குறைவாகவும் உள்ள இடத்துக்குக் கிண்ணங்கள் வரிசையாகப் பொருத்திய பெல்ட்டன் சக்கரம் பொருந்தும். நீர் மிகுந்து உயரம் பத்து, இருபது மீற்றராகக் குறைந்தால் குறுக்கோட்டச் சுழலி. இரண்டு மூன்று மீற்றரே கிடைத்தால் விசிறிவகைச் சுழலி. நேபாளத்தில் பெல்ட்டன் சக்கரத்தையும் மின்பிறப்பாக்கியையும் ஒரே அச்சில் இணைத்து ‘பெல்ட்ரிக்’ என்ற பெயரில் செய்யப்பட்ட சிறு தொகுதிகள் மலைக்கிராமங்களில் பரவலாயின.

நமது எடுத்துக்காட்டில் குழாயின் இழப்புக்குப் பின் மிஞ்சும் 38 மீற்றரில் நீர் விநாடிக்கு ஏறத்தாழ 26 மீற்றர் வேகத்தில் பீச்சும். நிமிடத்துக்கு 1,500 சுற்றுக்கு நெருக்கமாக மின்பிறப்பாக்கியை நேரே சுழற்ற வேண்டுமானால் சக்கரத்தின் விட்டம் 155 மில்லிமீற்றர் அளவில் வரும். 12 லீற்றரையும் ஒரே பீச்சுக்குழாயால் அடித்தால் நீர்த்தாரை 24 மில்லிமீற்றர் தடிப்பாகி, அந்தச் சிறிய சக்கரத்தின் கிண்ணங்களுக்குள் அடங்காது. 17 மில்லிமீற்றர் வாயுள்ள இரண்டு பீச்சுக்குழாய்களாகப் பிரித்தால் அடங்கும். இரண்டாக வைப்பதில் இன்னொரு நன்மை, மிகக் கொடிய வறட்சியில் ஒன்றை மூடிவிட்டு மற்றொன்றை முழு அழுத்தத்தில் ஓட்டலாம்.

இந்த அளவுக்குத் தனியான மின்பிறப்பாக்கி வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. நீரிறைக்கும் பம்பிகளில் உள்ளது போன்ற சாதாரண மூன்றுகட்ட மோட்டாரையே, உரிய கப்பாசிட்டர்களை (மின்தேக்கிகளை) இணைத்து மின்பிறப்பாக்கியாக ஓட்டலாம். இலங்கையின் கிராமத் திட்டங்கள் பலவும் இம்முறையையே கையாண்டன. கப்பாசிட்டர்களை ஒருபக்கம் ஒரு பங்கும் மறுபக்கம் இரண்டு பங்குமாக இணைத்தால், மோட்டாரின் அளவில் ஏறத்தாழ 80 வீதத்தை ஒருகட்ட மின்சாரமாகப் பெறலாம். 2.4 கிலோவோட்டுக்கு 5 குதிரைவலு மோட்டார் சற்றுத் தாராளமான, ஆனால் சரியான தேர்வு. மோட்டாரைத் தொடக்கிவைக்கும் வகைக் கப்பாசிட்டர் சில நிமிடங்களில் வெடித்துவிடும்; இடைவிடாது ஓடுவதற்கென்று செய்யப்பட்ட, 400 வோல்ட்டுக்கு மேல் தாங்கும் வகையையே கேட்டு வாங்க வேண்டும்.

இம்முறையின் பழக்கவழக்கங்களை இயக்குபவர் அறிந்திருக்க வேண்டும். வீடுகளின் இணைப்பைத் துண்டித்துவிட்டுத்தான் சுழலியைத் தொடக்க வேண்டும். சுமையுடன் தொடக்கினால் வோல்ட் ஏறாது. ஊர் மக்கள் அளவுக்கு மிஞ்சி எடுத்தால் மின்னழுத்தம் முற்றாகச் சரிந்து ஊர் முழுவதும் இருளும். இயந்திரத்துக்கு அதனால் கேடில்லை. சில வேளை அப்படிச் சரிந்தபின் மோட்டாரின் இரும்பில் எஞ்சியிருக்கும் காந்தத்தன்மை போய்விட்டால், மறுபடி சுழன்றும் மின்சாரம் வராது. அப்போது இயந்திரத்தை நிறுத்தி, கப்பாசிட்டர்களின் மின்னை இறக்கிவிட்டு, 12 வோல்ட் பற்றரியின் இரு முனைகளைச் சுருளில் ஒரு கணம் தொடுத்து எடுத்தால் உயிர் வந்துவிடும்.

வீடுகளில் சுமை குறையும்போது சுழலி வேகமெடுத்து, இயல்பான வேகத்தைப் போல் ஏறத்தாழ 1.8 மடங்குவரை போகக்கூடும். மின்னழுத்தமும் ஏறி, வீடுகளின் மின்குமிழ்கள் எரிந்துபோகும். இதைத் தடுப்பது சுமைக் கட்டுப்பாட்டுக் கருவி. வீடுகள் எடுக்காத மின்சாரத்தை அது உடனுக்குடன் நீரில் அமிழ்ந்த வெப்பக்கம்பிகளுக்குத் திருப்பிவிடுகிறது. சுழலியின் பார்வையில் சுமை எப்போதும் ஒன்றே. வெப்பக்கம்பிகளின் மொத்த அளவு மின்பிறப்பாக்கியின் வலுவைவிடப் பத்து முதல் இருபது வீதம் கூடுதலாக இருக்க வேண்டும். அவை அமிழ்ந்திருக்கும் நீர் ஒருபோதும் வற்றாதபடி, வெளியேறும் நீரிலிருந்தே ஒரு சிறு குழாயை அதற்குத் திருப்பிவிடுவது நல்லது. இந்தக் கருவியை மட்டும் தேர்ந்தவர்களிடம் வாங்கி, அதன் உதிரி மின்சுற்றுப் பலகை ஒன்றையும் கையில் வைத்திருக்க வேண்டும்.

மின்கம்பி

இருபது வீடுகளின் 2,000 வோட், 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 அம்பியர். வீடுகளெல்லாம் அரைக் கிலோமீற்றர் தொலைவில் இருந்தால், 25 சதுர மில்லிமீற்றர் அலுமினியக் கம்பியில் ஏறத்தாழ 10 வோல்ட் இழப்பும், 16 சதுர மில்லிமீற்றரில் 17 வோல்ட் இழப்பும் ஏற்படும். முன்னதை எடுப்பதே நல்லது. உயிருள்ள மரங்களில் கம்பியைக் கட்டுவது காற்றில் அறுந்துவிழ வழிசெய்யும். மின்னல் மிகுந்த மலைகள் என்பதால் இயந்திர அறையிலும் வழியின் கடைசியிலும் மின்னல்காப்பிகள் வேண்டும். மின்பிறப்பாக்கியின் ஒரு முனையை முறையாக நிலத்தொடுப்புச் செய்து, ஒவ்வொரு வீட்டிலும் ட்ரிப் சுவிட்ச் பொருத்த வேண்டும்; நிலத்தொடுப்பு இல்லாத இடத்தில் ட்ரிப் சுவிட்ச் இருந்தும் உயிரைக் காக்காது.

ஊரின் உடன்பாடு

வீட்டுக்கு 100 வோட் என்றால் என்ன கிடைக்கும் என்பதை முதற்கூட்டத்திலேயே பொருட்களைக் காட்டி விளக்க வேண்டும். 9 வோட் எல்.ஈ.டி. விளக்கு நான்கு, தொலைபேசிக்கு மின்னேற்றுவதற்குப் பத்து, சிறிய தொலைக்காட்சிக்கு ஐம்பது வோட். அவ்வளவில் அளவு நிறைந்துவிடும். துணி அழுத்தும் மின்னழுத்தி 1,000 வோட் கேட்கும்; சோறு சமைக்கும் மின்பானை 500க்கு மேல் கேட்கும். மாலை நேரத்தில் ஒரு வீடு மின்னழுத்தியைச் செருகினால் பத்து வீடுகளின் பங்கு அதற்குள் போய்விடும். எனவே ஒவ்வொரு வீட்டின் நுழைவிலும் 0.5 அம்பியருக்கு மேல் போனால் தானே அறுத்துக்கொள்ளும் கருவியைப் பொருத்தி, அதைச் சங்கத்தின் முத்திரையுடன் மூட வேண்டும். இது அயலவரைச் சந்தேகிப்பதாக ஆகாது. யாரும் யாரையும் சந்தேகிக்க வேண்டாத நிலையை உண்டாக்குவதே அதன் பயன்.

அலகு எண்ணிக் கட்டணம் வாங்குவது இங்கே பொருந்தாது. ஓடையின் மின்சாரத்தைச் சேமித்து வைக்க முடியாது என்பதால், நள்ளிரவில் ஒரு விளக்கை அணைத்தவர் ஊருக்கு எதையும் மிச்சப்படுத்திக் கொடுத்ததாகாது. பெற்றுக்கொண்ட வோட் அளவுக்கேற்ற மாதாந்த நிலையான தொகையே நேர்மையானது. அத்தொகை மூன்று தேவைகளை ஈடுசெய்ய வேண்டும்: இயக்குபவரின் ஊதியம், கடன் இருந்தால் அதன் தவணை, உதிரிப்பாகங்களுக்கான சேமிப்பு. இவற்றில் முதலில் வெட்டப்படுவது மூன்றாவதாகவே இருக்கும். போல்பெயாரிங் தேய்ந்து இரைச்சல் எழும்பும் நாளில் சங்கத்தின் கணக்கில் பணம் இல்லாவிட்டால், சில ஆயிரம் ரூபாய்க்காக முழுத் திட்டமும் மாதக்கணக்கில் நின்றுவிடும். இயக்குபவர் ஊதியமின்றி நல்லெண்ணத்தால் மட்டும் சல்லடையைத் துப்புரவு செய்வார் என்று எதிர்பார்ப்பது அவருக்கும் ஊருக்கும் செய்யும் அநீதி. அவருக்குத் துணையாக இன்னொருவரும் வேலையைப் பழகியிருக்க வேண்டும்.

பகல் வேளையில் வீடுகளில் சுமை மிகக் குறைவு. 2,400 வோட்டில் பெரும்பகுதி வெப்பக்கம்பிக்கே போகும். இயந்திர அறைக்கு அருகில் பொதுவான ஓர் அறை கட்டி, அங்கே துணி அழுத்தவும், மிளகாய்த்தூள் அரைக்கவும், தச்சருடைய துளையிடும் கருவியை ஓட்டவும், காலை ஒன்பது முதல் மாலை நான்குவரை முறைவைத்து அனுமதித்தால், ஓடையின் பகல் மின்சாரம் ஊருக்குப் பயன்படும். வீடுகளில் மறுக்கப்பட்ட மின்னழுத்திக்கு இதுவே நியாயமான மாற்று. மரண வீடு, கலியாண வீடு ஆகியவற்றுக்கு அன்றிரவு எவ்வளவு கூடுதலாகக் கொடுப்பது, அதற்காக மற்ற வீடுகள் எதை அணைப்பது என்பதையும் முன்கூட்டியே எழுதி வைத்துவிட வேண்டும். துக்கம் நடந்த இரவில் வோட் கணக்கைப் பேச எவருக்கும் மனம் வராது. தீர்மானங்களில் பெண்களின் சொல்லுக்குச் சரிபாதி இடம் இருக்க வேண்டும். சமையலறை விளக்கு எங்கே தேவை, எந்த நேரத்தில் அரைப்பது என்பதையெல்லாம் அறிந்தவர்கள் அவர்களே.

தேசிய மின்கம்பி வரும்போது

இலங்கையில் மின்சார சபையின் கம்பி மலைக்கிராமங்களுக்கும் வந்து சேர்ந்தபின், இந்தச் சிறு திட்டங்களில் பெரும்பாலானவை கைவிடப்பட்டன. மின்னழுத்தியும் குளிர்சாதனப் பெட்டியும் வேண்டுமென்று மக்கள் விரும்பியது இயல்பு. அதில் குறைகாண இடமில்லை. ஆனால் நல்ல நிலையிலிருந்த சுழலிகள் துருப்பிடித்துப் போனது பெரிய இழப்பு. ஆகவே இப்போது தொடங்குபவர்கள், அடுத்த பத்து ஆண்டுகளில் மின்கம்பி வருமா என்பதை பிரதேச மின்விநியோக அலுவலகத்தில் முதலிலேயே விசாரித்து, வந்தால் என்ன செய்வது என்பதையும் சங்க யாப்பில் எழுத வேண்டும். பொது அறை, தெருவிளக்கு, குடிநீர்ப் பம்பி ஆகியவற்றுக்குத் திட்டத்தைத் தொடர்ந்து ஓட்டுவது ஒரு வழி. உரிய அனுமதியுடன் தேசிய வலையமைப்புக்கு மின்சாரத்தை விற்பது இன்னொரு வழி. மோட்டாரை மின்பிறப்பாக்கியாகப் பயன்படுத்திய திட்டங்களை வலையமைப்புடன் இணைப்பது தொழில்நுட்ப அளவில் கடினமன்று.

அந்த இணைப்பை எக்காரணத்தாலும் ஊரார் தாமாகச் செய்யக் கூடாது. தேசியக் கம்பியில் மின் துண்டிக்கப்பட்ட கணமே சிறு திட்டமும் தானாக விலகிக்கொள்ளும் பாதுகாப்புக் கருவி இல்லாவிட்டால், மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறும் ஊழியரை நமது ஓடையின் மின்சாரம் கொன்றுவிடும். இரண்டு இணைப்புகளும் உள்ள வீடுகளில், ஒன்று துண்டிக்கப்பட்டால் மட்டுமே மற்றது சேரும் இருபக்க மாற்றுச் சுவிட்சை, உரிமம் பெற்ற மின்னியலாளரைக் கொண்டு, பிரதான சுவிட்சுக்கு அருகில் பொருத்துவித்து, எந்தப் பக்கம் எது என்பதை அதன் மூடியின்மேல் வண்ணத்தால் எழுதி வைக்க வேண்டும்.